அறையில் வந்தது, கரையில் வரவில்லை: பாம்பன் தீவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆட்டிசம் உள்ள ஒரு பையனைப் பற்றித் தெரபி மையத்திலிருந்து வந்த அறிக்கையில் நான்கு திறன்களுக்கு நேரே 'முழுமையாகக் கைவந்தது' என்று எழுதியிருந்தது. வேண்டியதைப் பட அட்டை கொடுத்துக் கேட்பது, இரண்டு நிமிடம் காத்திருப்பது, 'நில்' என்றால் நிற்பது, கழிப்பறையைத் தானே பயன்படுத்துவது. அந்த நான்கையும் வீட்டில் அவன் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். நான்குக்கும் ஒரே பதில்தான் வந்தது: "இங்க செய்யமாட்டான் டீச்சர்."

அறிக்கையும் உண்மை, அம்மா சொன்னதும் உண்மை. ஆட்டிசக் குழந்தைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. இப்படிப்பட்ட வீட்டுக்கு வழக்கமாகத் தரும் ஆலோசனை 'வீட்டிலும் பயிற்சி கொடுங்கள்' என்பது. அந்த ஆலோசனையால் இந்த வீட்டில் எதுவும் நடந்திருக்காது. 'செய்யமாட்டான்' என்று அம்மா நான்கு முறை சொன்னாலும் அதற்குள் நான்கு வேறு வேறு காரணங்கள் இருந்தன. ஒன்றுக்குச் செய்த வேலை இன்னொன்றுக்கு உதவவில்லை.

பின்னணி

பையனைத் 'தம்பி' என்றே எழுதுகிறேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். குடும்பத்தை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது ஆறு. மூன்றரை வயதில் ஆட்டிசம் உறுதியானது. காது நன்றாகக் கேட்கிறது, வலிப்பு இல்லை. பேசுகிற சொற்கள் ஒரு கைக்குள் அடங்கும். நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது.

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். காலையில் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை. அம்மா கடல்பாசி எடுக்கப் போவார். விடிவதற்குள் கிளம்பிவிடுவார், அந்த நாட்களில் தம்பி அப்பத்தாவின் பொறுப்பு. அக்கா ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் மணல், மணல் முடிந்தால் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. மையம் இருப்பது ராமநாதபுரத்தில். பாலம் தாண்டி, மண்டபம், உச்சிப்புளி வழியாக பஸ்ஸில் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும். தெரபி நாளில் அம்மாவுக்கு அன்றைய வருமானம் கிடையாது. இந்தக் கணக்கை எழுதிவைப்பது முக்கியம். நாற்பத்தைந்து நிமிடப் பயிற்சிக்கு ஒரு குடும்பம் ஒரு நாளைக் கொடுக்கிறது. அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் கற்றது வீட்டுக்கு வராவிட்டால் அந்த நாள் வீண்.

விரிந்த உள்ளங்கை

கேட்பதிலிருந்து ஆரம்பித்தோம். மையத்தில் எடுத்த ஒரு வீடியோ அம்மாவின் போனில் இருந்தது. சின்ன மேசை. எதிரே தெரபிஸ்ட். அவர் உள்ளங்கையை நீட்டுகிறார், தம்பி 'தண்ணீர்' அட்டையை எடுத்து அதில் வைக்கிறான், தண்ணீர் கிடைக்கிறது. நன்றாகத்தான் செய்கிறான். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு தடவையும் கை முதலில் நீள்கிறது, அட்டை அப்புறம்தான் நகர்கிறது.

அதே அட்டையோடு அம்மாவை வீட்டுத் தரையில் உட்காரச் சொன்னேன். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு. "கையை மடியிலயே வச்சுக்குங்க, நீட்டாதீங்க." வெயிலில் விளையாடிவிட்டு வந்திருந்தான், தாகம் நிச்சயம் இருந்தது. அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொம்பைப் பார்த்தான், பிறகு அம்மாவின் கையைப் பார்த்தான். மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். உள்ளங்கை முழுதும் விரிந்ததும் அட்டையை எடுத்து அதில் வைத்தான்.

தாகம் எடுத்தால் அட்டை கொடுக்க வேண்டும் என்று அவன் கற்கவில்லை. விரிந்த கையைக் கண்டால் அட்டை வைக்க வேண்டும் என்று கற்றிருந்தான். வீட்டில் யாரும் சும்மா உட்கார்ந்து அவனுக்கு எதிரே கையை விரித்து நீட்டிக்கொண்டிருப்பதில்லை.

இது தம்பிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1975ஆம் ஆண்டிலேயே ரின்கோவர், கோகல் என்ற இரு ஆய்வாளர்கள் பத்து ஆட்டிசக் குழந்தைகளுக்கு அறைக்குள் ஒரு செயலைக் கற்பித்து, பிறகு வேறு ஆளை வைத்து வெளியே சோதித்தார்கள். நான்கு பேர் வெளியே ஒன்றுமே செய்யவில்லை. அந்த நால்வரையும் தனித்தனியாக ஆராய்ந்தபோது, அவர்கள் பிடித்துக்கொண்டிருந்தது கற்பித்தவர் நினைத்த குறிப்பையல்ல என்று தெரிந்தது. பயிற்சிக்குச் சம்பந்தமே இல்லாத கை அசைவு, அறையிலிருந்த மேசை நாற்காலி போன்றவைதான் அவர்களுக்குக் குறிப்பு. அந்தப் பொருளையோ அசைவையோ வெளியே கொண்டுபோனதும் செயலும் கூடவே வந்தது. அதற்கு முன் 1971இல் லோவாஸ் என்ற உளவியலாளரின் குழுவினர், ஒளி, ஒலி, தொடுதல் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் ஆட்டிசக் குழந்தைகளில் பலர் அதில் ஒன்றை மட்டுமே பற்றிக்கொள்கிறார்கள் என்று காட்டியிருந்தார்கள். எந்த ஒன்றைப் பற்றிக்கொண்டான் என்பதைப் பிள்ளை வந்து சொல்லப் போவதில்லை. பார்க்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முந்தைய அறிவு இது. இன்னும் எத்தனையோ மையங்களின் அறிக்கைப் படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம்கூட இல்லை.

கையை மெல்ல மெல்ல மறைத்தோம். முதலில் பாதி விரிந்த கை, பிறகு மூடிய கை, பிறகு அம்மா பக்கவாட்டில் திரும்பி அரிசி புடைத்துக்கொண்டிருப்பார், கடைசியில் முதுகு காட்டி அடுப்பருகே நிற்பார். கடைசிப் படிதான் கடினமாக இருந்தது. முதுகு காட்டியிருப்பவரை எழுந்துபோய்த் தொட்டுக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது அவனுக்கு முற்றிலும் புது வேலை. மேசைக்கு எதிரே ஆள் தயாராக உட்கார்ந்திருக்கும் இடத்தில் அந்தத் தேவை எழுவதே இல்லை. இதற்கு அக்கா பின்னால் நின்று அவன் கையை எடுத்து அம்மாவின் தோளில் வைத்துவிட்டாள். பேசவில்லை, பேசக்கூடாது என்று சொல்லியிருந்தேன். பின்னாலிருந்து உதவுகிறவர் வாய் திறந்தால் அந்தக் குரல் இன்னொரு 'விரிந்த கை' ஆகிவிடும்.

அட்டைகளிலும் ஒரு சிக்கல். மையம் கொடுத்த அட்டைகள் ஒட்டுப்பட்டையில் ஒட்டி எடுப்பவை. கடற்கரை வீட்டில் ஒட்டுப்பட்டைக்குள் மணல் ஏறி ஒரு வாரத்தில் ஒட்டாமல் போய்விட்டது. உப்புக் காற்றில் லேமினேஷன் ஓரம் பிரிந்தது. தண்ணீர் அட்டையில் இருந்த படம் கண்ணாடி டம்ளர். இந்த வீட்டில் தண்ணீர் என்றால் நீலக் குடமும் எவர்சில்வர் சொம்பும். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துத் தள்ளுவண்டியில் கொண்டுவருகிற வீடு. வீட்டுப் பொருட்களையே போனில் படம் பிடித்து, கெட்டி அட்டையில் ஒட்டி, ஓட்டை போட்டோம். அப்பா நைலான் வலைக்கயிற்றில் கோத்து, வலை பின்னும் ஊசியாலேயே முடிச்சுப் போட்டுக் கதவோரம் ஓர் ஆணியில் மாட்டினார். அந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை. மையம் கொடுத்த அட்டைகளில் ஆப்பிள், ஸ்ட்ராபெரி, பேரிக்காய் எல்லாம் இருந்தன. ஸ்ட்ராபெரியை அந்தத் தெருவில் யாரும் தின்று நான் பார்த்ததில்லை. எடுத்து உள்ளே வைத்துவிட்டோம். அந்த இடத்தில் நெத்திலி டப்பா, முறுக்கு, குடம், சைக்கிள், பின்வாசல் கதவு.

இவ்வளவும் செய்தும் அப்பத்தாவிடம் மட்டும் கேட்கவில்லை. காரணம் அவரே சொன்னார். "ஏத்தா, எம் பேரனுக்குப் பசிக்கிறது எனக்குத் தெரியாதா? அவன் எதுக்கு எங்கிட்டக் கேக்கணும்?" அவர் சொன்னது முற்றிலும் சரி. அவருக்குத் தெரியும். அவன் முகம் மாறுவதற்குள் தட்டு வந்துவிடும். கேட்க வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் கேட்கும் திறன் எங்கிருந்து வரும்? அவரிடம் வாதாடவில்லை. ஒன்றே ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொன்னேன்: பொரித்த நெத்திலி டப்பா. இறுக்க மூடி, அவன் கண்ணில் படும்படி, கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். மற்ற எல்லாம் அவர் வழக்கப்படி. கேட்டால் நான்கு நெத்திலி, மறுபடி கேட்டால் மறுபடி நான்கு. ஐந்து எண்ணும்வரை அவர் அசையக்கூடாது. அந்த ஐந்துதான் அப்பத்தாவுக்கு இந்த வேலையிலேயே பெரிய கஷ்டம். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எண்ணுவார். டப்பாவுக்காக அட்டையோடு அவரிடம் வந்த பிறகு, தெருவிலிருக்கும் சித்தியிடம், பிறகு பெட்டிக்கடைக்காரரிடம் போனோம். கடைக்காரருக்கு ஒரே ஒரு விதி: அட்டை கைக்கு வந்த உடனே முறுக்கைக் கொடுக்க வேண்டும், 'பேசு, பேசினாத்தான் தருவேன்' என்று வேடிக்கை காட்டக்கூடாது.

காத்திருப்பது

மையத்தில் காத்திருக்கக் கற்பித்தது டைமரை வைத்து. சிவப்பு வட்டம் கரைந்து முடிந்தால் பொம்மை. வீட்டில் எதற்கும் வட்டம் கரைவதில்லை. சோறு வேகும்போது வேகும், பஸ் வரும்போது வரும். முடிவு எப்போது என்று தெரியாத காத்திருப்பைத் தாங்க முடியாமல்தான் கத்தினான். அவன் திறன் இங்கே குறையவில்லை. முடிவைக் காட்டும் அடையாளம்தான் வீட்டில் இல்லை.

எங்கெல்லாம் இயல்பாகவே முடிவின் அடையாளம் இருக்கிறது என்று தேடினோம். குக்கர் சுலபம். மூன்று விசில். சுவரில் மூன்று கிளிப், ஒவ்வொரு விசிலுக்கும் ஒன்றைக் கழற்றி டப்பாவில் போடுவான். பஸ்ஸுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அதற்குக் கையில் வேலை கொடுத்தோம்: பழைய வலையிலிருந்து வெட்டிய மிதவைகளைக் கயிற்றில் கோப்பது. பஸ் நிறுத்தத்தில் மட்டும்தான் அந்தப் பை வெளியே வரும். அவன் கையை ஆட்டுவான், முன்னும் பின்னும் ஆடுவான். அதைத் தடுக்கவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். யாருக்கும் தொந்தரவில்லாத ஒன்றை நிறுத்துவதில் வீணாகும் நேரத்தை நான் கண்டிருக்கிறேன். 'கண்ணைப் பார்' என்று மோவாயைப் பிடித்துத் திருப்பும் பயிற்சியும் மையத்தின் பட்டியலில் இருந்தது; அதையும் வீட்டில் தொடரவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய காத்திருப்பு அப்பாவுக்கானது. இரண்டு ஆணி அடித்தோம், ஒன்றின் மேல் படகுப் படம், மற்றதன் மேல் வீட்டுப் படம். அப்பாவின் போட்டோ அன்று எந்தப் பக்கம் தொங்க வேண்டுமோ அந்தப் பக்கம். ஆனால் இந்தக் கரையில் நாள் குறித்துவைக்க முடியாது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகு போகாது. கடலுக்குப் போக மீன்துறை தரும் அனுமதி டோக்கன் கிடைக்காவிட்டாலும் போகாது. முந்தின நாளே போட்டோவை மாற்றி, காலையில் திரும்ப எடுத்தால் தம்பிக்கு அது பொய் சொன்னதுபோல. அதனால் டோக்கன் கைக்கு வந்த பிறகே போட்டோ நகரும், நகர்த்துவது அவனே. இந்தப் பலகையைப் பற்றி மையத்தில் சொன்னபோது அவர்களுக்கு டோக்கன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது.

பள்ளியில் காலை உணவுத் திட்ட வரிசை இன்னொரு சிக்கலைக் காட்டியது. வீட்டில் தட்டு கைக்கு வந்தால் உடனே சோறு. பள்ளியில் தட்டு கையில் இருந்தும் முன்னால் இருபது பேர். தட்டை வீசினான். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் ஒரு யோசனை சொன்னார், அது நல்ல யோசனை: அவனை வரிசையில் மூன்றாவதாக நிறுத்துவது, பிறகு ஒவ்வொரு ஆளாகப் பின்னால் தள்ளுவது. முதல் நாள் உப்புமாவா பொங்கலா என்று தெரிந்துகொள்ள எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றான். இப்போது வரிசையின் நடுவில் நிற்கிறான். கடைசியில் நிற்கத் தேவையில்லை, எந்தப் பிள்ளையும் விரும்பிக் கடைசியில் நிற்பதில்லை.

கழிப்பறை விஷயம் சீக்கிரம் முடிந்தது. மையத்தில் இருந்தது வெஸ்டர்ன், வீட்டில் இருப்பது இந்தியன், அதுவும் பின்பக்கம் இருட்டில். பல்பு போட்டு, கால் வைக்கும் இடத்தில் அவன் பாதத்தையே பெயின்ட்டில் பதித்தோம். பயந்தது இருட்டுக்குத்தான், திறன் ஏற்கனவே இருந்தது.

நில்

இந்த வீட்டில் எனக்குத் தூக்கம் கெடுத்தது இதுதான். ஆட்டிசக் குழந்தைகளில் பலர் சொல்லாமல் வெளியேறிவிடுவார்கள். அப்படிப் போகிறவர்களில் பலரைத் தண்ணீர் இழுக்கும். அப்படி நேரும் இறப்புகளில் முக்கியமான காரணம் நீரில் மூழ்குவது. தம்பிக்குக் கடல் என்றால் உயிர். கதவு திறந்திருந்தால் ஓடுவான். மையத்தில் 'நில்' பயிற்சி நடந்தது டைல்ஸ் போட்ட நடையில், ஒரே குரலில், எதிர்ப்பக்கம் போக வேண்டிய ஆசை எதுவும் இல்லாதபோது. நின்றான். அலைச் சத்தத்தில், முதுகுக்குப் பின்னாலிருந்து, அவன் உலகத்திலேயே அதிகம் விரும்புகிற ஒன்றை நோக்கி ஓடும்போது நிற்பது வேறு காரியம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கற்பிப்பதற்கு முன் கதவு. கொண்டி மேலே போனது, உள்பக்கம் ஆட்டு மணி ஒன்று கட்டினோம். கரையில் வலை பின்னும் ஆட்கள், கருவாடு காயப்போடும் பெண்கள், விளையாடும் பையன்கள் எல்லாருக்கும் அம்மாவே போய்ச் சொன்னார்: இவன் தனியாக வந்தால் கத்த வேண்டாம், துரத்த வேண்டாம், முன்னால் போய்க் குறுக்கே நின்று கையைப் பிடித்துக்கொண்டு ஆள் அனுப்புங்கள். துரத்தினால் அவனுக்கு அது விளையாட்டு, இன்னும் வேகமாக ஓடுவான். ஊருக்கெல்லாம் சொல்ல அம்மாவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. சொன்ன பிறகு வலைக்காரப் பெரியவர் ஒருவர், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே தாயி, நாங்க அடம்பிடிக்கிறான்னுல்ல நெனச்சோம்" என்றார்.

கற்பித்தலைத் தொடங்கியது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் போகாது, 61 நாள். வீட்டில் காசுக்குத் திண்டாட்டம்தான், ஆனால் அப்பா தினமும் கரையில் இருப்பார். வருடத்தில் வேறெப்போதும் கிடைக்காத வாய்ப்பு. இடம் வடகடல் பக்கம். தடைக்காலம் முடிவதற்குள் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தொடங்கித் தென்கடல் கொந்தளித்துவிடும். அப்போது வடகடலான பாக் விரிகுடாவில் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும்.

பரிசு என்ன கொடுப்பது என்று மையத்தில் கேட்டபோது பிஸ்கட் என்றார்கள். கடலை நோக்கி ஓடும் பிள்ளைக்குப் பிஸ்கட் எதற்கு? அவனுக்கு வேண்டியது கடல். அதனால் பரிசும் கடல்தான். முதலில் வீட்டு முற்றத்தில், பிறகு தெருவில், பிறகு தண்ணீரிலிருந்து நெடுந்தூரம் தள்ளி உலர் மணலில், அப்புறம் ஈர மணலில். அப்பா பின்னாலிருந்து ஒரே ஒரு தடவை "நில்லு" என்பார். நின்றால் உடனே வந்து கையைப் பிடித்து, "வா" என்று முழங்கால் ஆழத்துக்குக் கூட்டிப்போவார். நிற்காவிட்டால் கடல் கிடையாது, வந்த வழியே திரும்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் தண்ணீருக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு பெரியவர் நின்றார். அவர் இல்லாமல் ஒரு சோதனைகூட நடத்தவில்லை. இதில் விதிவிலக்கு எதுவும் கூடாது.

அப்பாவின் குரலுக்கு நின்றபோது அது போதாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்பா மறுபடி கடலுக்குப் போய்விடுவார். அம்மா, அக்கா, அக்காவின் தோழிகள், சித்தி, வலைக்காரப் பெரியவர் என்று குரல்களை மாற்றினோம். அப்பத்தா "நில்லு" என்று சொல்லவே மாட்டார், "எய்யா போகாதய்யா" என்பார். அவரைத் திருத்தவில்லை. ஆபத்து நேரத்தில் அவர் வாயில் எது வருமோ அதற்குத்தான் அவன் நிற்கப் பழக வேண்டும். இப்படி ஆளையும் இடத்தையும் வேண்டுமென்றே மாற்றிக் கற்பிப்பது 1977இல் ஸ்டோக்ஸ், பேர் (Baer) என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வலியுறுத்தும் வழிகளில் ஒன்று. அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, பலரும் பயிற்சி கொடுத்துவிட்டு அது தானே பரவும் என்று நம்பியிருக்கிறார்கள், அவ்வளவே என்று அவர்கள் எழுதினார்கள். அதற்கும் முன்னால், 1973இல், லோவாஸ் குழு தாங்கள் பயிற்றுவித்த குழந்தைகளை ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தது. பெற்றோருக்கும் பயிற்சி கிடைத்த வீடுகளில் குழந்தைகள் கற்றதைத் தக்கவைத்திருந்தார்கள், மேலும் முன்னேறியிருந்தார்கள். விடுதிகளுக்குத் திரும்பியவர்கள் கற்றதை இழந்திருந்தார்கள்.

தடைக்காலம் முடிவதற்குள் அப்பா அவனுக்கு மல்லாந்து மிதக்கவும் கற்றுக்கொடுத்தார். அது என் திட்டத்தில் இல்லை. "நம்ம பிள்ளைக்குத் தண்ணி தெரியாம இருக்கலாமா டீச்சர்" என்று அவராகச் செய்தது, எங்கள் பட்டியலில் எதைவிடவும் பயனுள்ளது.

பதிவு

அம்மாவுக்கு எழுதுவது சிரமம், படிவம் கொடுத்தால் வெற்றாகத்தான் திரும்பும். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அக்கா குறித்தாள்: உதவியில்லாமல் செய்தால் ஒரு வட்டம், உதவியோடு என்றால் புள்ளி, பக்கத்தில் யாரிடம் என்பதற்கு ஓர் எழுத்து. நாளைக்கு மூன்று வேளை மட்டும். அதற்குமேல் அவர்கள் தெரபிஸ்ட் இல்லை, குடும்பம். ஒரு திறனைக் 'கைவந்தது' என்று நான் எழுத வைத்திருக்கும் அளவுகோல்: மூன்று வேறு ஆட்கள், மூன்று வேறு இடங்கள், முன்கூட்டி யாரும் சைகை காட்டாமல். இந்த அளவில் கேட்பது கைவந்துவிட்டது. காத்திருப்பதில் குக்கரும் பள்ளி வரிசையும் வந்துவிட்டன, பஸ் நிறுத்தம் பாதி. 'நில்' அமைதியான தண்ணீரில் எல்லாக் குரலுக்கும் வந்துவிட்டது. தென்கடலில், அலைச் சத்தத்தில், இன்னும் நம்பத்தக்கதாக இல்லை.

காகித வேலையையும் இடையில் முடித்தோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, ஆனால் அடையாள அட்டை இல்லாமல் எந்த உதவியும் நகராது. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் ஓரளவு அதில் வரும். இந்தக் கரையில் இதைக் கேள்விப்படாத வீடுகள் நிறைய.

அதிகமாகப் பரவியது

எதிர்பார்க்காத ஒன்று. பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி ரயில் பாலத்தைப் பார்க்கும் சுற்றுலாக்காரர்கள் எப்போதும் இருப்பார்கள். குடும்பத்தோடு அந்தப் பக்கம் போயிருந்தபோது தம்பி கயிற்றிலிருந்து முறுக்கு அட்டையைக் கழற்றிக்கொண்டு, புளியோதரைப் பொட்டலம் பிரித்திருந்த ஒரு குடும்பத்திடம் போய் நீட்டினான். அவர்களிடம் முறுக்கு இருந்தது. கொடுத்துவிட்டார்கள். அடுத்த காருக்கும் போனான். அம்மாவுக்கு அவமானம், அக்காவுக்குச் சிரிப்பு. கற்றது பரவவில்லை என்று தொடங்கிய இந்த வேலை, பரவியது போதும் என்ற இடத்துக்கு வந்திருந்தது.

அட்டைக்கு உடனே கொடுக்க வேண்டும் என்ற விதியைக் கடைக்காரருக்குச் சொன்னதுபோல் ஊரெல்லாம் பின்பற்றியதன் விளைவு இது, எதிர்பார்க்கக்கூடியதும்கூட. ஒரு வழி, அட்டைகளை வெளியே கொண்டுபோகாமல் இருப்பது. அம்மா மறுத்துவிட்டார். "கேக்குறதைப் பிடுங்கவேணாம் டீச்சர். யார்கிட்டக் கேக்கணும்னு சொல்லிக்குடுங்க." அவர் சொன்னபடியே செய்கிறோம். வெளியே போகும்போது கயிறு அம்மாவின் இடுப்பில் இருக்கும், அட்டை முதலில் அம்மாவிடம் வர வேண்டும், அம்மா தலையாட்டினால் மட்டும் அடுத்தவரிடம். தெரிந்தவர்களின் போட்டோ ஒரு வளையத்தில். அந்த வளையத்தில் இருப்பவரிடம் நேராகக் கேட்கலாம். பெட்டிக்கடைக்காரர் தன் போட்டோவை எடுக்கச் சொல்லித் தலை சீவிக்கொண்டு வந்து நின்றார்.

மையத்திடம் இரண்டு கேட்டிருக்கிறோம். பயிற்சியின் ஒரு பகுதியையாவது மேசையிலிருந்து இறங்கி, தரையில், வெவ்வேறு ஆட்கள் நடத்த வேண்டும். அறிக்கையில் 'கைவந்தது' என்பதற்குப் பக்கத்தில் யாரிடம், எங்கே, எந்த உதவியோடு என்று மூன்று கட்டங்கள் வேண்டும். முதலாவதுக்கு உடனே ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவதுக்குப் படிவத்தை மாற்ற மேலிடத்தில் கேட்க வேண்டுமாம்; அதுவரை அக்காவின் காலண்டர் தாள்களை அறிக்கையோடு சேர்த்துப் பின் பண்ணி அனுப்புகிறோம். வாடைக் காற்று தொடங்கி வடகடல் கொந்தளிக்கும்போது 'நில்' பயிற்சியை அந்தச் சத்தத்தில் மறுபடி முதல் படியிலிருந்து, உலர் மணலில், தொடங்க வேண்டும். பின்வாசல் மணி அதுவரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் இருக்கும்.